புகையை மோந்து பார்ப்பவர்கள்

மார்ச் 4

அன்புள்ள பொடிசுக்கு,

மாமா எழுதுகிறேன். பேனா பிடிக்கவே மறந்திருப்பான் என்று நினைக்காதே. மற்றவர்கள் ஒரு தடவை படித்த ஒன்பதாம் வகுப்பை இரண்டு தடவை ஆழ்ந்து படித்தவன் நான். கடிதம் எழுதுவதில் அந்தக் காலத்தில் என்னை அடிக்க ஆள் கிடையாது.

சில நாளாக உன் போன் என்னை உள்ளே விடவில்லை. உன் அம்மாவிடம் போய்க் கேட்டேன். "உன் குரலையே கேக்க மாட்டாளாம். ஏதாவது சொல்லணும்னா எழுதச் சொன்னா," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். கூடப் பிறந்த அக்கா, ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை. நான் என்ன கொலையா செய்துவிட்டேன்?

இத்துடன் பத்திரிகைத் துண்டு ஒன்று வைத்திருக்கிறேன். நீ பார்த்திருப்பாய், இருந்தாலும் உன்னிடம் ஒன்று இருக்கட்டும். தலைப்பைப் பார்: 'அறைக்குள்ளேயே கார் ஓட்டி, புகையை மோந்து மைலேஜ் போடுகிறார்கள்: சோதனைக்கூட ஊழியரே அம்பலப்படுத்தினார்.' அந்த நிருபர் எனக்கு வாடிக்கை. பின் சீட்டில் உட்கார்ந்து, "புது வண்டி எப்படி மாமா?" என்று கேட்டார். கேட்ட மனிதருக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? வாங்கும்போது கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் லிட்டருக்கு 24 கிலோமீட்டர் என்று இருந்தது. எனக்குக் கிடைப்பது 15. மீதி ஒன்பதை யார் குடித்தது? அன்றைக்கு உங்கள் வீட்டில் சாப்பிடும்போது நீ எனக்கு விளக்கினாயே, அதைத்தான் சொன்னேன். கொஞ்சம் மெருகு போட்டிருப்பேன். மெருகு போடாமல் எதையும் வெளியே அனுப்பி எனக்குப் பழக்கமில்லை.

இப்போது எங்கள் ஆஸ்பத்திரி வாடகைக் கார் நிறுத்தத்தில் எனக்குப் பெயரே மைலேஜ் மாமா. மீசைக்காரர் தெரியுமல்லவா, சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று நான் சொன்னால்கூட மறுப்பவர். அவரே, "இந்த விஷயத்துல மாமா சொல்றது சரிதாம்ப்பா," என்றார். அடுத்த மாதம் நாங்கள் எல்லாரும் வண்டிகளோடு உங்கள் சோதனைக்கூட வாசலுக்கு வந்து ஹாரன் அடிப்பதாகத் தீர்மானம். நான்தான் முன் வண்டி. நீ ஜன்னலில் நின்று கை காட்டு.

இப்படிக்கு,
மாமா


மார்ச் 9

மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பத்திரிகைத் துண்டு எனக்குத் தேவையில்லை. அதே துண்டு எங்கள் இயக்குநரின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. என்னை உள்ளே கூப்பிட்டு, அதன் மேல் விரலை வைத்து, "இந்த ஊழியர் நீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

இந்த மாதக் கடைசியில் என்னை நிரந்தரம் ஆக்குவதாக இருந்தது. என்னோடு சேர்ந்த இரண்டு பேருக்கு உத்தரவு வந்துவிட்டது. எனக்கு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த விளக்கம் அவர்களுக்குத் திருப்தி தராவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அம்மா உங்களுக்கு ஏன் தண்ணீர் கொடுக்கவில்லை என்று இப்போது புரிந்திருக்கும்.

நான் உங்களிடம் சொன்னது இது. காரை ஒரு அறையில் கொண்டுவந்து நிறுத்துவோம். முன் சக்கரங்கள் உருளைகள் மேல் இருக்கும். முன்னால் திரையில் ஒரு கோடு ஓடும். எப்போது வேகம் கூட்ட வேண்டும், எப்போது குறைக்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று அந்தக் கோடு காட்டும். அதன்படி நான் ஓட்டுவேன். வெளியே வரும் புகையைக் குழாய் வழியாகப் பைகளில் பிடிப்போம். அந்தப் புகையில் எவ்வளவு கார்பன் இருக்கிறது என்று கருவி அளந்து, எவ்வளவு பெட்ரோல் எரிந்தது என்று கணக்குப் போடும்.

இதில் மோந்து பார்ப்பது எங்கே வந்தது மாமா? எங்கள் கூடத்தில் எல்லாரும் என்னைப் பார்த்தால் மூக்கை உறிஞ்சிக் காட்டுகிறார்கள். காவலாளி உட்பட.

போனில் பேச மாட்டேன். போனில் பேசினால் நான் சொன்னதும் நீங்கள் சொன்னதும் கலந்துபோய், கடைசியில் எது யாருடையது என்று தெரிவதில்லை. நீங்கள் சொல்வது தாளில் இருக்கட்டும். தாளில் இருந்தால் அதற்குக் கை கால் முளைக்காது.

உங்கள் அக்கா மகள்


மார்ச் 13

அன்புள்ள பொடிசு,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. இரண்டு வேளை. மூன்றாவது வேளை உன் அத்தை திட்டியதால் கொஞ்சம் சாப்பிட்டேன்.

கவலையை விடு. வழி கண்டுபிடித்துவிட்டேன். உன் இயக்குநருக்கு நானே எழுதுகிறேன்: 'என் அக்கா மகள் என்னிடம் ஒரு வார்த்தை கூடச் சொன்னதில்லை. அவளுக்கு வாயே கிடையாது. எல்லாம் நான் திரித்த கயிறு.' அவர் நம்பாவிட்டால் நிறுத்தத்துக்கு ஆள் அனுப்பி விசாரிக்கட்டும். நான் சொன்னதில் பாதியைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்று அங்கே பிளாஸ்கில் டீ விற்கிறவர் வரை சாட்சி சொல்வார்கள். போன வாரம்கூட, பிரேக் பிடிக்காத லாரியை நான் ஒற்றைக் கையால் தட்டி நிறுத்திய கதையைக் கேட்டு மீசைக்காரர், "அந்த லாரி இன்னும் ஆஸ்பத்திரியிலதான் இருக்கா மாமா?" என்று விசாரித்தார். இப்படி ஒரு பெயரைச் சம்பாதித்து வைத்திருக்கிறேனே, அது உனக்கு ஒரு நாள் உபயோகப்படட்டும்.

ஆனால் ஒன்று கேட்பேன், கோபித்துக்கொள்ளாதே. நான் திரிப்பவன், சரி. அந்த ஸ்டிக்கர்? ஷோரூமில் கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு தம்பி, அந்த எண்ணைத் தட்டிக் காட்டி, "கண்ணை மூடிக்கிட்டு எடுங்க சார், இருபத்திநாலு கேரண்டி," என்றான். கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்தேன். ஏசி போட்டுக்கொண்டு, நோயாளியும் நோயாளியின் சொந்தபந்தமும் அவர்கள் மூட்டையுமாக நான் ஓட்டுகிற ஓட்டத்துக்கு 15 வருகிறது. நான் மட்டும் இல்லை, நிறுத்தத்தில் இதே வண்டி வைத்திருக்கிற அத்தனை பேருக்கும் 15தான். ஒருவன் தப்பாக அளக்கலாம். ஒரு நிறுத்தமே தப்பாக அளக்குமா?

வெயில் இல்லாத, மேடு பள்ளம் இல்லாத, எதிரே மாடு வராத அறையில் ஓட்டி எண் போட்டால், அந்த எண் யாருக்கு? அறைக்குள்ளேயே குடியிருப்பவனுக்கா?

உன் பதில் வந்ததும் இயக்குநருக்கு எழுதிவிடுகிறேன்.

மாமா


மார்ச் 18

மாமாவுக்கு,

தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள்.

நான் உங்களிடம் சொன்னேன். சொல்லவில்லை என்று நீங்கள் எழுதினால், சொல்லக் கூடாத எதையோ நான் சொன்னதாகத்தான் அர்த்தம் ஆகும். இதில் ரகசியமே கிடையாது. நாங்கள் எப்படி அளக்கிறோம் என்பது அச்சிட்ட புத்தகமாகவே இருக்கிறது. யாரும் படிப்பதில்லை, அவ்வளவுதான். என் விளக்கத்திலும் அதைத்தான் எழுதினேன்: 'மாமா கேட்டார், சொன்னேன், இனி யார் கேட்டாலும் சொல்வேன்.' கொஞ்சம் திமிராகப் போய்விட்டதோ என்று கொடுத்த பிறகு தோன்றியது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்த எண் உங்களுக்குத்தான், ஆனால் நீங்கள் நினைக்கிற காரியத்துக்கு அல்ல. சாலையில் ஓட்டி அளந்தால் ஒரு காருக்கு மழை, இன்னொன்றுக்கு வெயில். ஒன்றை ஓட்டியவர் நிதானம், இன்னொன்றை ஓட்டியவர் உங்களைப் போல. பிறகு எந்தக் கார் சிக்கனம் என்று எப்படிச் சொல்வது? அதனால்தான் எல்லாக் காருக்கும் ஒரே அறை, ஒரே சூடு, ஒரே கோடு. எல்லாருக்கும் ஒரே கேள்வித்தாள் கொடுப்பதைப் போல. 24 வாங்கிய கார் 20 வாங்கிய காரை விடக் குறைவாகக் குடிக்கும் என்பதுதான் அதற்கு அர்த்தம். உங்களுக்கு 24 தரும் என்று அந்த அறை சொல்லவே இல்லை. ஷோரூம் தம்பி சொல்லியிருக்கிறான்.

எதிர்க்காற்றும் இல்லாமல் போகவில்லை. முதலில் திறந்த பாதையில் காரை வேகமாக ஓட்டி, கியரை விடுவித்துவிட்டு, தானாக எப்படி வேகம் குறைகிறது என்று பார்ப்போம். அந்த இழுப்பை அப்படியே உருளைக்கு ஏற்றிவிடுவோம். ஒரு அடி கூட நகராமல் ஓட்டினாலும் கால் வலிக்கத்தான் செய்கிறது.

ஒரு விஷயம். இயக்குநர் என் விளக்கத்தைப் படித்துவிட்டு, "உங்க மாமாவைக் கூப்பிடுங்களேன். அவர் வண்டியையே ஏத்திப் பாத்துடலாம். அந்த நிருபரும் வரட்டும்," என்றார். முதல் நாளே வண்டியை எங்கள் அறையில் விட்டுவிட வேண்டும். இரவு முழுக்க நின்று அறைச் சூட்டுக்கு வர வேண்டும். ஏப்ரல் 3 காலையில் சோதனை.

எனக்காக வர வேண்டாம். வண்டிக்காக வாருங்கள். ஒரே ஒரு நிபந்தனை. பார்த்ததைப் பத்திரிகைக்கு நீங்களே எழுத வேண்டும். பார்த்ததை மட்டும். ஒரு சாண் கூட நீட்டக் கூடாது. இயக்குநர் என்னைப் பற்றி முடிவு செய்வது அதற்குப் பிறகுதான்.

பின்குறிப்பு: உங்கள் 15ஐ எப்படி அளந்தீர்கள்?


மார்ச் 22

பொடிசு,

வருகிறேன். என் வண்டி என்ன பயந்த வண்டியா? நிருபரும் வருகிறார். மீசைக்காரர் மட்டும், "உள்ள கூட்டிட்டுப் போயி காது குத்தி அனுப்புவாங்க, ஜாக்கிரதை," என்றார். என் காதில் குத்த இடமில்லை என்று சொன்னேன். ஹாரன் ஊர்வலத்தை, நான் திரும்பி வரும் வரை நிறுத்தி வைத்திருக்கிறோம்.

வண்டியை ராத்திரி தனியே விட மனசில்லை. உங்கள் அறையில் ஒரு ஓரமாக நானும் பாய் போட்டுக்கொள்ளலாமா? வண்டி அறைச் சூட்டுக்கு வருகிறபோது நானும் வந்துவிட்டுப் போகிறேன்.

அளக்கும் முறை கேட்டாய். எழுதிக்கொள், உன் இயக்குநருக்கும் பயன்படும். இது எங்கள் நிறுத்தத்தின் சொந்தக் கண்டுபிடிப்பு. கண்டுபிடித்தவன் நான் என்று சொன்னால் மீசைக்காரர் சண்டைக்கு வருவார், அதனால் சொல்லவில்லை. பங்க் வாசலில் நிற்கும்போது பெட்ரோல் விளக்கு எரிந்தால், சரியாக ஒரு லிட்டர் ஊற்றுவோம். அங்கிருந்து கிலோமீட்டர் கணக்கு. சவாரி போய்விட்டு ஒவ்வொரு முறையும் நிறுத்தத்துக்குத் திரும்புவோமே, அங்கே மறுபடி விளக்கு எரிந்ததும் முடிந்தது. ஒரு லிட்டருக்கு எவ்வளவு ஓடியது என்று கையில் வந்துவிடும். பேனா பென்சில் வேண்டாம், புகைப்பை வேண்டாம்.

நிறுத்தம் எங்கே இருக்கிறது என்று மறந்துவிட்டாயா? ஆஸ்பத்திரியின் பின் வாசல், ஸ்ட்ரெச்சர் ஏற்றும் சரிவு. கீழே ஆம்புலன்சுக்கு இடம் விட்டு நாங்கள் வரிசையாக மேல் நோக்கி ஏற்றி நிறுத்தியிருப்போம். எல்லா வண்டியும் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்பதைத் தூரத்திலிருந்து பார்த்தால் ராணுவ அணிவகுப்பு மாதிரி இருக்கும்.

மாமா


ஏப்ரல் 6

மாமாவுக்கு,

பத்திரமாக வீடு சேர்ந்தீர்களா? வண்டியை எடுத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் போய்விட்டீர்கள். இயக்குநர் உங்களுக்காக மேசையில் டீ வரவழைத்து வைத்திருந்தார். ஆறிப்போய் நானே குடித்தேன்.

உருளை மேல் நீங்கள் ஓட்டிப் பார்க்கும்போது ஹாரன் அடித்தீர்களே, அப்போது யாரும் சிரித்திருக்கக் கூடாது. திரையில் கோடு திடீரென்று கீழே இறங்கியதும், எதிரே ஆள் வந்துவிட்டதாக நினைத்து அடித்தீர்கள். அத்தனை வருடம் நெரிசலில் ஓட்டிய கை அப்படித்தான் செய்யும். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து நானும் சிரித்தேன். நீங்கள் திரும்பி என்னைத்தான் பார்த்தீர்கள். மூன்று நாளாக அதுவே நினைவில் இருக்கிறது. மன்னியுங்கள்.

நீங்கள் ஓட்டியது சோதனைக் கணக்கில் சேராது. கோட்டை விட்டு வெளியே போய்விட்டால் அந்த ஓட்டத்தைத் தள்ளிவிடுவோம். எனக்கே முதல் வாரம் முழுக்கத் தள்ளினார்கள். அதனால் எனக்கு 23 வந்த வண்டியில் உங்களுக்கு வந்த 19ஐ அவமானமாக நினைக்க வேண்டாம். கிளட்ச் மேலிருந்து இடது காலை எடுத்துவிட்டு ஓட்டினால் பாதி வித்தியாசம் போய்விடும்.

உங்கள் கடிதத்தில் இருந்த சரிவைப் பற்றி இயக்குநரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தாளில் படம் போட்டுப் பார்த்தார். கார் மூக்கைத் தூக்கி நிற்கும்போது டேங்கில் உள்ள பெட்ரோல் பின்பக்கம் ஒதுங்குகிறது. டேங்கின் முன்பக்கம் இருக்கும், அளவு காட்டும் மிதவை கீழே இறங்கி, பெட்ரோல் இருக்கும்போதே விளக்கை எரியவிடுகிறது. நீங்கள் ஆரம்பிப்பது பங்க் வாசலின் சமதளத்தில், முடிப்பது சரிவில். ஊற்றிய ஒரு லிட்டர் தீருவதற்கு முன்பே தீர்ந்ததாகக் கணக்கு முடித்துவிடுகிறீர்கள். ஒரு நிறுத்தமே தப்பாக அளக்குமா என்று கேட்டீர்கள். ஒரே சரிவில் நின்றால் அளக்கும்.

சரியாக அளக்க வேண்டுமானால் டேங்கை நிரப்பி, நாலைந்து நாள் ஓட்டி, அதே பங்கில் அதே இடத்தில் மறுபடி நிரப்பி வகுத்துப் பாருங்கள்.

ஷோரூம் ஸ்டிக்கரைப் பற்றி நீங்கள் கேட்டது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த ஸ்டிக்கரில், இது சோதனையில் கிடைத்த எண், ஓட்டத்தைப் பொறுத்து மாறும் என்று ஒரு வரி இருக்கிறது. உங்கள் வண்டியின் ஸ்டிக்கரில் தேடிப் பார்த்தேன். எனக்கே கண்ணைச் சுருக்கினால்தான் தெரிந்தது. அதையும் இயக்குநரிடம் சொன்னேன். உங்கள் கோபத்தில் நியாயம் இருந்தது, மாமா. அளவில்தான் இல்லை.

எழுதுவீர்களா மாட்டீர்களா என்று தெரியவில்லை. எழுதாவிட்டாலும் பரவாயில்லை என்று சொல்ல ஆசை. ஆனால் பரவாயில்லாமல் இல்லை.

உங்கள் அக்கா மகள்


ஏப்ரல் 12

அன்புள்ள பொடிசு,

எழுதிவிட்டேன். நேற்றுப் பத்திரிகையில் வந்துவிட்டது. நீ படிப்பதற்கு முன்னால் இது எப்படிப் பிறந்தது என்று சொல்லிவிடுகிறேன். முதலில் எழுதியதில், காருக்கு முன்னால் காற்றுக்காக வைத்திருந்த மின்விசிறி மூன்று மாடி உயரம் இருந்தது. உன் அத்தை படித்துவிட்டு, "நீங்க பாத்தது எவ்வளவு?" என்றாள். என் தோள் உயரம் என்றேன். பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தாள். உன் இயக்குநர் எனக்குக் கை கொடுத்துக் கண் கலங்கியதாக ஒரு இடம். அதையும் அடித்தாள். கடைசியில் பார்த்தால், வேண்டாத வீட்டில் எலும்பு மட்டும் பரிமாறின மாதிரி இருந்தது. உனக்கு மறுபடி இங்கே எழுதுகிறேன்:

'ஆசிரியருக்கு. நான் வாடகைக் கார் ஓட்டுகிறேன். மைலேஜ் எண் மோசடி என்று சொன்னது நான். சோதனைக்கூடத்துக்குப் போய்ப் பார்த்தேன். யாரும் புகையை மோந்து பார்க்கவில்லை. அது நான் சேர்த்தது. மற்றதை என் அக்கா மகள் சொன்னாள், அது உண்மை. கார் அறைக்குள் உருளை மேல்தான் ஓடுகிறது. எல்லாக் காரையும் ஒரே மாதிரி சோதிக்க அதுதான் வழி. என் காரை அவள் ஓட்டியபோது 23 வந்தது. நான் ஓட்டியபோது 19 வந்தது. கோட்டின்படி ஓட்டாததால் என்னுடையது செல்லாது என்றார்கள். கார் ஒன்று, அறை ஒன்று, கால்தான் வேறு. நான் முன்பு சொன்ன 15 சரிவில் நின்று அளந்தது, அதுவும் செல்லாது. ஸ்டிக்கரில் இருப்பது பரீட்சையில் கார் வாங்கிய மதிப்பெண். எனக்குக் கிடைக்கும் என்று சத்தியம் செய்த எண் அல்ல. இதை ஷோரூமில் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.'

அவ்வளவுதான். ஹாரன் அடித்ததை எழுதவில்லை. நீட்டக் கூடாது என்றுதான் சொன்னாய், குறைக்கக் கூடாது என்று சொல்லவில்லை.

நீ சிரித்தது பற்றி. நான் அதற்காகப் போகவில்லை. கண்ணாடி வழியாக நீ ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோடு ஏறுகிறது, நீ ஏறுகிறாய். கோடு நிற்கிறது, நீ நிற்கிறாய். கால் அசைவதே தெரியவில்லை. உனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான் என்று பத்து வருடமாக ஊர் முழுக்கச் சொல்லிவருகிறேன். உனக்குத் தெரியும், ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதுவும் மைதானத்தில், அதுவும் நீ சுவரில் இடிக்கும் வரைக்கும். அந்த அறையில் நின்றபோது, இதை இனிமேல் சொல்ல முடியாதே என்று தோன்றியது. அதனால்தான் போய்விட்டேன்.

இப்போது துக்கச் செய்தி. என் வாழ்நாளிலேயே பொய் கலக்காமல் எழுதிய ஒரே எழுத்து அது. நிறுத்தத்தில் ஒருவர் கூட நம்பவில்லை. "உள்ள என்ன குடுத்தாங்க மாமா?" என்கிறார் ஒருவர். "மருமக வேலைக்காக எழுதிட்டாரு, விடுங்கப்பா," என்கிறார் மீசைக்காரர், பெரிய மனது வைத்து. லாரியை ஒற்றைக் கையால் நிறுத்தியபோதுகூட இரண்டு பேர் நம்பினார்கள்.

அதனால் மீசைக்காரரின் வண்டியையே பங்க் வாசலில், எல்லார் முன்னாலும் நிரப்பச் சொல்லியிருக்கிறேன். பந்தயம் என்றதும் ஒத்துக்கொண்டார். வண்டிக் கூரை மேலே சுமை கட்ட ஒரு கம்பி வைத்திருக்கிறாரே, அதில் யாரும் எதையும் ஏற்றியதில்லை. கழற்றுங்கள், அது காற்றை இழுக்கிறது என்றேன். அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அதுதான் வண்டிக்குக் கிரீடமாம்.

மாமா


ஏப்ரல் 21

அன்புள்ள மாமாவுக்கு,

நிரந்தர உத்தரவு இன்று காலை வந்தது. அம்மாவிடம் சொன்னேன். முதலில் அழுதாள். பிறகு, "அவன் வந்தா தண்ணி குடுக்கறேன்," என்றாள். இப்போதே போய்விடுங்கள், மனசு மாறிவிடும்.

இயக்குநர் உங்கள் கடிதத்தை வெட்டி, பழைய துண்டு இருந்த அதே இடத்தில் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார். எங்கள் புத்தகம் அறுபது பக்கம். பார்வையாளர்கள் வந்தால் அதற்குப் பதிலாக இதைப் படிக்கச் சொல்கிறார். ஸ்டிக்கரில் அந்தச் சின்ன வரியைப் பெரிதாக அச்சிட வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதியிருக்கிறார். நடக்குமா என்று தெரியவில்லை. காவலாளி மூக்கை உறிஞ்சுவதை மட்டும் நிறுத்தவில்லை.

கார் ஓட்டக் கற்றுக்கொடுத்ததாகத் தாராளமாகச் சொல்லிக்கொள்ளுங்கள். அந்தச் சுவரில் இடித்த பிறகுதான், நிதானமாக ஓட்ட வேண்டும் என்று முடிவு செய்தேன். அப்படிப் பார்த்தால் நீங்கள் கற்றுக்கொடுத்ததுதான்.

போன் தடையை எடுத்துவிட்டேன். உங்கள் வண்டியை நிரப்பி அளந்தீர்களா? அந்த எண் வேண்டும்.

பொடிசு


ஏப்ரல் 27

அன்புள்ள பொடிசு,

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். எண் கேட்டாய் அல்லவா, அது தாளில் இருக்கட்டும்.

உன் அம்மா தண்ணீர் கொடுத்தாள். இரண்டு செம்பு குடித்தேன். வேண்டுமானால் அவளையே கேட்டுக்கொள்.

மீசைக்காரர் வண்டிக்கு 17 வந்தது. கம்பி கழற்றாமல். அவர் பங்க் வாசலிலேயே நின்று மூன்று தடவை வகுத்துப் பார்த்தார். அன்று சாயங்காலமே எல்லாரும் நிரப்ப ஆரம்பித்துவிட்டார்கள். ஹாரன் ஊர்வலம் ரத்து. அதற்குப் பதிலாக இரண்டு பேர் ஷோரூம் தம்பியைப் பார்த்து, 'கேரண்டி' என்பதை எழுதித் தரச் சொல்லப் போயிருக்கிறார்கள். மறுநாள் காலையில் வந்து பார்த்தால், மீசைக்காரர் வண்டியின் தலையில் கம்பி இல்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எவ்வளவு கஷ்டப்பட்டுக் கேட்காமல் இருந்தேன் என்று உனக்குப் புரியும்.

என் வண்டிக்கு 18. ஏசி போட்டு, நோயாளி, சொந்தபந்தம், மூட்டை எல்லாம் சேர்த்து. இடது காலைச் சும்மா வைத்துக்கொள்ள இன்னும் வரவில்லை, அது தானாகக் கிளட்சைத் தேடிப் போகிறது. இருபது என்று எழுதக் கை வந்தது. எழுதவில்லை.

நிறுத்தத்திலும் 18 என்றுதான் சொன்னேன். அங்கே என்ன நடந்தது தெரியுமா? மீசைக்காரர் எல்லாரையும் பார்த்து, "மாமா அடக்கமா சொல்றாருப்பா. சோதனைக்கூடத்துல ஏத்தி எறக்கின வண்டி. இருபத்திரண்டுக்குக் குறையாது," என்றார். டீக்காரர் அதை இருபத்துநாலு ஆக்கிவிட்டார். நான் மறுத்துச் சொல்லச் சொல்ல ஏறிக்கொண்டே போகிறது. நான் சொன்ன ஒன்றை ஊர் நீட்டுவதை இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறேன்.

நாளைக்கு அந்த நிருபர் சவாரிக்கு வருகிறார். யார் என்ன சொன்னாலும், நான் சொன்னது 18. இந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்.

மாமா